மூன்று தடவை கேட்க வேண்டும்

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேனாம். நீமா இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நடித்துக் காட்டுவாள். கண்ணை இடுக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுக்கிற பெண் மாதிரி.

அந்த மத்தியானம் எங்கள் வளாகத்தில் வெளிநாட்டு மாணவர் மையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, நீமா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் பாதி உரித்த வாழைப்பழம். தான்சானியாவிலிருந்து மைசூருக்கு வந்து சமூகப்பணி படித்தவள் அவள். விடுதியில் என் அறைக்காரி.

உள்ளே நடந்தது நேர்முகத் தேர்வு. நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் மூன்று மாதம் வேலை செய்ய எங்கள் உணவு அறிவியல் துறையிலிருந்து இரண்டே பேரை எடுப்பார்கள். போகவர, தங்க, சாப்பிட எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆறு மாதமாக எனக்குத் தூக்கத்திலும் அந்த நாட்டு நினைப்புதான்.

"எப்படிப் போச்சு?" என்றாள் நீமா. நாங்கள் பேசியது இங்கிலீஷ். அதில் என் பங்கு எவ்வளவு ஓட்டை உடைசல் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கத் தமிழில் எழுதுகிறேன்.

"அருமையா போச்சு! கடைசியில அந்தப் பேராசிரியை அம்மாவே கேட்டுட்டாங்க, 'எங்க ஆய்வகத்துக்கு வர உனக்கு விருப்பமா'ன்னு."

"ஐயோ! நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்வாங்க? 'வேண்டாம் மேடம், பரவாயில்லை, மத்தவங்களும் இருக்காங்கல்ல'ன்னு சொன்னேன்."

நீமாவின் வாய் அசைவது நின்றது. வாழைப்பழம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நஞ்சன்கூடு பழம், அதுவும் நல்ல பழம். அதைக் குனிந்து எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

இதில் என்ன தப்பு என்று உங்களில் பாதிப் பேர் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சட்டியில் எவ்வளவு இருக்கோ

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. என் ஊர் மார்டள்ளி. கர்நாடகத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். இங்கிலீஷ் என்பது பரீட்சை அட்டையில் மட்டும் இருந்த ஒன்று. எங்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான்.

ஊரில் எங்களுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்னாலேயே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்தவர் வீட்டில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை, "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்." மூன்றாவது தடவை கேட்டால், "சரி, ஒரு துளி மட்டும்." அதற்கப்புறம் இரண்டு தட்டு சாப்பிடலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

சின்ன வயதில் ஒரு தடவை பக்கத்து வீட்டில் முறுக்கு நீட்டியதும் சட்டென்று வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா காதைத் திருகினாள்.

"எடுத்ததும் வாங்கீருவியா நீ? அவங்க சட்டியில எவ்வளவு இருக்கோ, நமக்குத் தெரியுமா கண்ணு? ஒருக்கா கேக்கறது மொறைக்கு. மறுக்கா கேட்டாத்தான் இருக்குதுன்னு அர்த்தம்."

அடி மறந்துவிட்டது. அர்த்தம் மறக்கவில்லை.

இது எங்கள் தெருவுக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கப் பாஸ்போர்ட் எடுத்தேன். விசாரணைக்கு மார்டள்ளிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். நான் என்ன திருட்டுச் செய்தேனோ என்று தெருவே கூடிவிட்டது. அம்மா டீ போடட்டுமா என்று கேட்டாள். "பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லிக் கையை ஆட்டினார் அவர். மறுபடி கேட்டாள். "ட்யூட்டியில இருக்கேனம்மா." மூன்றாவது தடவை உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடித்தார், முறுக்கோடு. சட்டத்தைக் காக்கிறவருக்கே அதுதான் சட்டம்.

மூடிய டப்பா

நீமாவை முதலில் பார்த்த சாயங்காலத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

விடுதியில் சேர அன்று விடியும் முன் கிளம்பிய நான், கொள்ளேகாலில் பஸ் மாறி மைசூர் வந்து, மையம், துறை, விடுதி என்று பெட்டியோடு அலைந்து, அறைக் கதவைத் தட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வயிற்றில் காலையில் குடித்த கூழோடு சரி.

கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனை. ஏலக்காய் வாசனை. உள்ளே நீமா, விடுதியில் கூடவே கூடாத மின்சார அடுப்பில் எதையோ பொரித்துக்கொண்டிருந்தாள். மண்டாசி என்பது அதன் பெயர். எங்கள் இனிப்பு போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம். புஸ்ஸென்று உப்பி, பொன்நிறத்தில், ஒரு டப்பா நிறைய.

டப்பாவை என் பக்கம் நீட்டி, "சாப்பிடுறியா?" என்றாள்.

"நோ, தேங்க்ஸ்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். டப்பாவின் மூடியை எடுத்தாள். மூடினாள்.

அந்த மூடி 'டப்' என்று மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கட்டிலில் உட்கார்ந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இனிமையாகச் சிரித்துவிட்டு இன்னொன்றை எடுத்துக் கடித்தாள். இவ்வளவு கல்நெஞ்சுக்காரியோடு இரண்டு வருஷம் எப்படிக் காலம் தள்ளுவது என்று அழுகையே வந்துவிட்டது.

மூன்று நாள் இப்படியே போனது. அவள் கேட்பாள், நான் வேண்டாம் என்பேன், மூடி மூடிக்கொள்ளும். நாலாம் நாள் பக்கத்து அறை டோல்மா இதைப் பார்த்துவிட்டாள். பைலகுப்பே முகாமில் பிறந்து வளர்ந்த திபெத்தியப் பெண். கன்னடம் எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாக வரும்.

"அய்யோ, இவ பசியில செத்துடுவாடி!" என்று சிரித்தவள், நீமாவுக்கு இங்கிலீஷில் விளக்கினாள். "இவங்க ஊர்ல முதல் நோ வந்து நோ இல்ல. மூணு தடவ கேக்கணும்."

நீமா எழுந்து என் எதிரே வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, "சாப்பிடுறியா? சாப்பிடுறியா? சாப்பிடுறியா?" என்றாள்.

நான் ஏழு மண்டாசி சாப்பிட்டேன்.

சனிக்கிழமை ஜோடி

எங்கள் வளாகத்தின் நல்ல விஷயங்களில் பாதி ரத்னம்மா மேடம் கண்டுபிடித்தவை. வெளிநாட்டு மாணவர் மையத்தின் பொறுப்பாளர். மண்டியாக்காரர். பருத்திப் புடவை, தோளில் ஒரு பை, பைக்குள் எப்போதும் கோடுபளே. அது நம் முறுக்கை வளையலாகச் செய்தது போல இருக்கும்.

அவருடைய ஏற்பாடு ஒன்று இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னடம் வேண்டும். ஊர்ப்புறத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வேண்டும். பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்துவிடுவார். சனிக்கிழமை தோறும் ஒவ்வொரு ஜோடியும் ஊருக்குள் போய் வர வேண்டும். போகும்போது ஒருத்தர் மொழி, வரும்போது மற்றவர் மொழி. வாய் மூடி வந்தால் கோடுபளே கிடையாது.

எனக்கும் நீமாவுக்கும் சீட்டிலேயே ஜோடி விழுந்தது. மேடம் சீட்டைப் பார்த்துத்தான் எடுத்தார் என்று டோல்மா சத்தியம் செய்வாள்.

தேவராஜ மொஹல்லாவுக்குப் பஸ்ஸில் போவோம். மார்க்கெட்டில் குங்குமக் குவியலும் மல்லிகைச் சரமும் தாண்டி வாழைப்பழக் கடைக்கு வந்தால் நீமாவுக்குச் சாமி வந்துவிடும். "ஜாஸ்தி ஆய்த்து அண்ணா, ஸ்வல்ப கம்மி மாடி!" என்று விலை அதிகம், கொஞ்சம் குறை என்று கடைக்காரரை மடக்குவாள். கடைக்காரர் மயங்கி ஒரு பழத்தை ருசி பார்க்க நீட்டுவார். நான், "பேடா அண்ணா." அவள் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உன் பங்கையும் நானே சாப்பிடறேன், நீ மூணாவது தடவைக்குக் காத்திரு" என்பாள்.

திரும்பும் வழி என் முறை, இங்கிலீஷ். முதல் மாதம் பஸ் ஜன்னலில் தெரிந்த கடைப் பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு வந்தேன். பிறகு மெல்ல மெல்ல என் ஆராய்ச்சியைச் சொல்ல ஆரம்பித்தேன். ராகிக் கூழ் ஏன் இரவில் புளிக்கிறது, எந்த நுண்ணுயிர் புளிக்க வைக்கிறது, மார்டள்ளி கூழும் பக்கத்து ஊர்க் கூழும் ஏன் ருசியில் வேறு. நீமா விடமாட்டாள். அவர்கள் ஊரில் சோள மாவில் களி கிண்டுவார்கள். எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ராகிக் களி போட்ட முதல் நாள், பெங்களூர்ப் பெண்கள் கரண்டியோடு திண்டாட, அவள் ஒரே உருட்டில் உருட்டி விழுங்கி எல்லோரையும் வாய் பிளக்க வைத்தவள். அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லிச் சொல்லியே எனக்கு இங்கிலீஷ் வந்தது.

மூன்று தடவை கேட்கிற வழக்கத்தை அவள் மேடத்திடமும் சொல்லிவிட்டாள். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வீட்டிலும் அதுதானே நடக்கிறது. உடனே ஒரு அட்டையில் பெரிதாக எழுதிச் சுவரில் மாட்டச் சொன்னார், புதிதாக வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக. "இந்த ஊரில் ஒருவர் வேண்டாம் என்றால் விட்டுவிடாதீர்கள். மூன்று தடவை கேளுங்கள்."

யேமனிலிருந்து வந்த ஹாஷிம் அதைப் படித்துவிட்டு, "எங்க ஊர்ல வேண்டாம்னே சொல்லக்கூடாது, சொன்னா வீட்டுக்காரர் அழுதுடுவார்" என்றான். அன்று முழுக்க அதே பேச்சு. நேப்பாளத்துப் பையன் ஒன்று சொன்னான், மாலத்தீவுப் பெண் ஒன்று சொன்னாள். உலகம் முழுக்கச் சோற்றுக்கு முன்னால் மனிதர்கள் விதவிதமாக நாடகம் ஆடுகிறார்கள் என்று தெரிந்து எனக்கு ஒரே குஷி.

அந்த அட்டை மாட்டிய இடம், நேர்முகம் நடந்த அறைக் கதவுக்கு நேர் பக்கத்தில்.

கூழைப் பற்றிக் கேட்டார்கள்

நேர்முகம் கணினித் திரையில். அந்தப் பக்கம் நரைத்த குட்டை முடியோடு ஒரு பேராசிரியை. இந்தப் பக்கம் நானும், நீமா இரவல் கொடுத்த நீலத் துப்பட்டாவும்.

முதல் கேள்வியே, "உங்கள் கூழைப் பற்றிச் சொல்லுங்கள்."

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. பானை மாற்றினால் புளிப்பு மாறுவதைச் சொன்னேன். அம்மா பழைய கூழில் ஒரு கரண்டி எடுத்துப் புதியதில் விடுவதைச் சொன்னேன். அந்த ஒரு கரண்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று முழுதாகப் பிரித்துப் பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது என்றும் சொன்னேன். அந்த அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை சிரித்தார்.

கடைசியில் பேனாவை வைத்தார். "எங்களோடு வந்து வேலை செய்ய விருப்பமா?"

என் நெஞ்சு ஆமாம் ஆமாம் என்று குதித்தது. வாய்? இருபது வருஷத்துக்கும் மேல் அம்மா பழக்கிய வாய். அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு, "நோ நோ மேடம், இட்ஸ் ஓகே, அதர்ஸ் ஆர் தேர்" என்றது.

அவர் புருவம் உயர்ந்தது. "அப்படியா? மனதில் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி" என்றார்.

நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவை கேட்கட்டும் என்று. "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை மேடம்" என்றேன். என்ன அடக்கம், என்ன மரியாதை என்று என்னை நானே மெச்சிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

கண்ணாடிக் கதவு

இப்போது மறுபடி வாசலுக்கு வருவோம். பழம் கீழே கிடக்கிறது.

நீமா என் தோளைப் பிடித்துத் திருப்பி, சுவரில் இருந்த அட்டையைக் காட்டினாள். "இது எங்களுக்கு எழுதினது. அந்த அம்மா இதைப் படிச்சிருப்பாங்களா? அவங்க நாட்டுல நோன்னா நோ! மூடியை மூடிட்டாங்க, சிவகாமி!"

மூடி என்ற சொல்தான் எனக்குள் இறங்கியது. டப் என்ற சத்தம் கேட்டது. ஆறு மாதம், பாஸ்போர்ட், போலீஸ்காரர், எத்தனை சனிக்கிழமைகள், எல்லாவற்றையும் நானே என் வாயால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இருவரும் ரத்னம்மா மேடத்தின் மேசைக்கு ஓடினோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார் கன்னடத்தில். உள்ளே கடைசி ஆள் இருந்தான். அவன் வெளியே வந்ததும் திரையை அணைத்துவிடுவார்கள்.

"நீங்க போய்ச் சொல்லுங்க மேடம்" என்றேன். அழுதுகொண்டுதான்.

"நான் சொன்னா சிபாரிசு ஆயிடும். மத்த பிள்ளைங்களுக்கு அது நியாயமில்ல. நீயே ஹோகம்மா, நீயே போய்ச் சொல்லு. அவங்க கேட்டா கேப்பாங்க, இல்லேன்னா இல்ல."

நானாகப் போய்க் கேட்பதா? கொடுத்ததையே மூன்று தடவை மறுத்து வாங்கும் வீட்டில் பிறந்தவள், மூடிய டப்பாவைத் திறந்து கொடுங்கள் என்று கேட்பதா? நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிக்கச் சொன்னால்கூடக் குதித்திருப்பேன். இது முடியவில்லை. கண்ணாடிக் கதவின் முன்னால் போய் நின்றேன்.

கதவு திறந்தது. கடைசி ஆள் வெளியே வந்தான். நீமா என் துப்பட்டாவை, அதாவது அவளுடைய துப்பட்டாவை, சரி செய்துவிட்டாள்.

உள்ளே போனேன்.

திரையில் பேராசிரியை காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "மேடம், நான் வர விரும்புகிறேன்" என்றேன்.

"நீங்கள் வேண்டாம் என்றீர்களே?"

"எங்கள் ஊரில் முதல் வேண்டாம், வேண்டாம் இல்லை மேடம்." நிறுத்தாமல் சொன்னேன். "உங்கள் பானையில் எவ்வளவு இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது. அதனால் முதலில் வேண்டாம் என்போம். நீங்கள் மூன்று தடவை கேட்டால்தான் இருக்கிறது என்று அர்த்தம்."

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"நான் ஒரு தடவைதான் கேட்பேன்" என்றார். "இது முடிவும் அல்ல, எல்லோரையும் வைத்துத்தான் முடிவு செய்வோம். உங்களுக்கு வர விருப்பமா?"

"எஸ்" என்றேன். போதுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. "எஸ் மேடம். எஸ்."

அவர் முதலில் எழுதியிருந்த ஏதோ ஒன்றைப் பேனாவால் அடித்தார். அதைத் திரையில் பார்த்தேன்.

ஒரு துளி மட்டும்

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு பெயரில் ஒன்று என்னுடையது. விடுதி மாடிப்படியில் நான் போட்ட கூச்சலில் டோல்மா ஷாம்பூ நுரையோடு ஓடி வந்தாள். நீமா என்னைத் தூக்கியேவிட்டாள். அவளுக்கு அதற்கான தெம்பு உண்டு.

அம்மாவுக்குப் போன் போட்டேன். கிடைத்ததைச் சொல்லிவிட்டு, நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். நானே உள்ளே போய்க் கேட்டேன் என்று சொல்லும்போதே காதுக்கு வலி வந்துவிட்டது, திருகுவதற்கு முன்னாலேயே.

"நீயாவா கேட்ட?" என்றாள்.

"ஆமாம்மா."

"ஒருக்கா கேட்டதும் சரின்னுட்டியா?"

"மூணு தடவ சரின்னேன்."

பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நல்லா கேட்ட கண்ணு" என்றாள். "எனக்கெல்லாம் அது வரவே இல்ல."

மையத்துச் சுவரில் அந்த அட்டை இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே நீமா சிவப்பு மையில் சேர்த்த வரியும் இருக்கிறது. "வெளிநாடு போகிறவர்களுக்கு: அங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள்."

மின்னஞ்சல் வந்த அன்று சாயங்காலம் தேவராஜ மொஹல்லாவுக்குத் தனியாகப் போய் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி வந்தேன். நெய் காகிதத்தில் ஊறிக் கை எல்லாம் வாசனை. முதல் துண்டு நீமாவுக்குத்தான் என்று பஸ்ஸிலேயே தீர்மானம். அறையில் அவள் கட்டிலில் படித்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

அவள் நெஞ்சில் கை வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "பேடா, பேடா" என்றாள். "நீ சாப்பிடு."

நான் தலையாட்டினேன். மூடியை எடுத்தேன். டப் என்று மூடினேன்.

நீமா மூடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் தனக்கு என்ன ஆகிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். நானும் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கும்போது இருவருக்கும் கண்ணில் தண்ணீர். இன்னும் இரண்டு மாதத்தில் நான் ஒரு பக்கம் போகிறேன், படிப்பு முடித்து அவள் ஒரு பக்கம் போகிறாள்.

"சிவகாமி, இன்னும் ரெண்டு தடவை இருக்கு" என்றாள்.

கேட்டேன். இரண்டு தடவையும் கேட்டேன். மூன்றாவது தடவைக்கு அவள் கையை நீட்டி, "ஸ்வல்ப" என்றாள், ஒரு துளி மட்டும் என்கிற அர்த்தத்தில்.

பெட்டியோடு கொடுத்தேன்.